சாமி இல்லாதவர்களின் ஞாயிற்றுக்கிழமை

வெள்ளி இரவு, ஈஸ்ட் ஹாம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 37.2 சதவீதம் பேர் 'மதம் இல்லை' என்று டிக் அடித்தார்கள். ஏறத்தாழ 2 கோடியே 22 லட்சம் பேர். பத்து வருடத்துக்கு முன் அது 25 சதவீதம். நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பில் தன்னை நாத்திகர் என்று எழுதிக்கொடுத்தவர்கள் சுமார் 33 ஆயிரம் பேர்தான். கட்சி மாநாட்டுக்கே இதைவிட அதிகம் பேர் வருவார்கள். இவ்வளவு பேர் சாமி இல்லாமல் இருக்கிற நாட்டில் லீவு நாளை எப்படிக் கழிக்கிறார்கள், தங்களை யார் என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாமே என்பது இந்தப் பயணத்துக்கு நான் சொல்லிக்கொள்ளும் காரணம். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்பதும் காரணம்தான்.

தங்கியிருப்பது அக்கா வீட்டில். சொந்த அக்கா இல்லை, நண்பனின் மனைவிக்குப் பெரியம்மா மகள். யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறுகளில் வந்தவர். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் புட்டை இறக்கி வைத்தபடியே, "எனக்கும் சாமியில நம்பிக்கை போய்க் கனகாலம்" என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் இங்கே இருக்கிற முருகன் கோயிலுக்குப் போகிறார். இன்றும் போய்விட்டு வந்து, நெற்றியில் திருநீறோடுதான் இதைச் சொன்னார்.

கேட்டேவிட்டேன்.

"கோயிலுக்குப் போறதெண்டால் கும்பிடத்தான் வேணுமோ தம்பி? அங்கை போனால்தான் சனத்தைப் பார்க்கலாம்."

கணக்கெடுப்புத் தாளில் என்ன போட்டீர்கள் என்றதற்கு, "இந்து எண்டுதான் போட்டனான். வேறை என்னத்தைப் போடுறது?" என்றார். சதவீதக் கணக்கை நான் முதல் பத்தியில் எழுதிவிட்டேன், இனி அழிக்கப்போவதில்லை. ஆனால் அதற்குள் அக்கா இல்லை என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

சனி, புஷி பார்க்

காலை ஒன்பது மணிக்கு லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தப் பூங்காவில், மான்கள் மேய்ந்துகொண்டிருக்க, நூற்றுக்கணக்கானவர்கள் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார்கள். 'பார்க்ரன்' என்று பெயர். 2004 அக்டோபரில் இதே பூங்காவில் 13 பேரோடு ஆரம்பித்தது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. கட்டணம் இல்லை. ஒரு முறை பதிவு செய்துகொண்டால் ஒரு பார்கோடு தருகிறார்கள். ஓடி முடித்ததும் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை கொடுக்கிறார்கள். அதையும் பார்கோடையும் மஞ்சள் மேலங்கி போட்ட தன்னார்வலரிடம் நீட்டினால் ஸ்கேன் செய்துகொண்டு வில்லையைத் திரும்ப வாளிக்குள் போட்டுக்கொள்கிறார். வில்லையை நினைவாக எடுத்துப் போய்விடாதீர்கள் என்று ஒன்றுக்கு மூன்று முறை சொல்கிறார்கள்.

நான் ஓடினேன் என்று சொன்னால் பொய். நடந்தேன். முன்னால் போனவர்களின் முதுகைப் படிக்க நிறைய நேரம் கிடைத்தது. எத்தனை முறை ஓடியிருக்கிறார்கள் என்பதற்கு ஏற்ப சட்டை. 50 முறை என்றால் சிவப்பு, 250 என்றால் பச்சை. நூறு முறை ஓடியவருக்குக் கறுப்புச் சட்டை!

தஞ்சைப் பக்கத்துக் கருஞ்சட்டை வீட்டில் பிறந்தவனுக்கு இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது. அன்றைக்கு அப்பா வேண்டுமென்றே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு படிப்பகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். தெருவே வெடித்துக்கொண்டிருக்க, நானும் தம்பியும் திண்ணையில். நாங்கள் யார் என்று ஊருக்குத் தெரிந்தது நாங்கள் செய்யாதவற்றால்தான். விரதம் இல்லை, திருநீறு இல்லை, ஐயர் இல்லாத கல்யாணம், தாலி இல்லாத அத்தை. பொங்கல் ஒன்றுதான் செய்கிற பண்டிகை. கொள்கையில் எனக்கு இன்றும் குறை இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானங்களைப் பற்றி மட்டும் குறை உண்டு.

ஸ்கேன் செய்துகொண்டிருந்த பெரியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கணக்கெடுப்பில் 'மதம் இல்லை' போட்டவர். நாத்திகரா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அதைப் பற்றி யோசித்ததில்லை என்றார். சரி, உங்களை யார் என்று சொல்லிக்கொள்வீர்கள்? "சனிக்கிழமைகளில் இங்கே நிற்கிறவன்." அவருடைய அம்மா கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் சர்ச்சுக்குப் போனவராம், இவர் அதுவும் இல்லை. விடவில்லை, வீசவில்லை, சண்டை போடவில்லை. அது பாட்டுக்குப் போய்விட்டது. எங்கள் அப்பாவிடம் இதைச் சொன்னால் கோபம்தான் வரும். போராடாமலா போகும்?

ஞாயிறு, ரெட் லயன் சதுக்கம்

ஹோல்பர்ன் ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிட நடை. சிறிய பூங்காவின் ஒரு முனையில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் மார்பளவுச் சிலை, மறுமுனையில் கையை உயர்த்திப் பேசுகிற ஃபென்னர் பிராக்வே. பிராக்வே கல்கத்தாவில் பிறந்தவர், இந்திய விடுதலைக்காக இங்கே இருந்து கத்தியவர். சதுக்கத்தின் மூலையில் கான்வே ஹால், 1929-இல் திறந்தது.

இந்த மன்றத்தை நடத்துகிற சங்கம் 1787-இல் தொடங்கியபோது கிறிஸ்தவச் சபையாகத்தான் இருந்தது. பாவிகளை நரகத்தில் என்றென்றைக்கும் கடவுள் வதைப்பார் என்பதை ஏற்காதவர்கள் பிரிந்து வந்து கூடியது. முதலில் நரகம் போனது, அப்புறம் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூன்றும் ஒரே கடவுள் என்கிற திரித்துவம் போனது, மான்க்யூர் கான்வே என்ற அமெரிக்கர் பொறுப்பில் இருந்தபோது ஜெபம் போனது. 1888-இல் அறநெறிச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரே நாளில் சிலையை உடைத்ததல்ல, நூறு வருடமாக ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்து வைத்துக் காலி செய்த வீடு.

இந்தக் கான்வே நம்ம ஊருக்கு வந்தவர். 1884-இல் அடையாறில் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையாரைப் பார்த்து, அவர் காட்டுகிற அற்புதங்களைப் பற்றி நேருக்கு நேர் கேட்டார். அந்த நேரத்தில் சென்னையில் தத்துவவிவேசினி என்று ஒரு தமிழ் வார இதழ் வந்துகொண்டிருந்தது. 1878-இல் தொடங்கிய இந்து சுயாக்கியானிகள் சங்கத்தார் நடத்தியது. பிறகு சென்னை லௌகிக சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டு, லண்டனில் சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் நடத்திய தேசிய மதச்சார்பற்ற சங்கத்தோடு உறவு வைத்திருந்தார்கள். பெரியாருக்குப் பல பத்தாண்டு முந்தைய ஆட்கள். நம் ஊரில் சாமி இல்லை என்ற பேச்சு 1925-இல்தான் ஆரம்பித்தது என்று நினைப்பவர்கள் அந்த இதழின் மறுபதிப்புத் தொகுதிகளைப் புரட்டிப் பார்க்கலாம்.

காலைக் கூட்டம் 'சண்டே அசெம்பிளி'. 2013 ஜனவரியில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் இஸ்லிங்டனில் ஒரு பழைய சர்ச்சில் ஆரம்பித்த 'சாமி இல்லாத சபை'. நன்றாக வாழ், அடிக்கடி உதவு, இன்னும் வியந்து பார் என்பது அவர்கள் வாசகம். உள்ளே போனதும் பெயரை எழுதிச் சட்டையில் ஒட்டிவிட்டார்கள். மேடையில் ஒரு பேண்ட். திரையில் பாட்டு வரிகள் ஓட, எல்லாரும் எழுந்து நின்று எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு மாதிரியான பாப் பாடல்களைப் பாடுகிறார்கள். தூக்கத்தைப் பற்றி ஒரு விஞ்ஞானப் பேச்சு. ஒரு நிமிடம் கண்மூடி அமைதி. மறுபடி பாட்டு. அப்புறம் டீ, கேக்.

எனக்கு ஒட்டவில்லை. கைதட்டிப் பாடச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் இறைவணக்கத்துக்கு உதட்டை மட்டும் அசைத்த பையன் திரும்பி வந்துவிட்டான். சர்ச்சிலிருந்து சாமியை மட்டும் எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால், எடுத்தது எதற்கு என்று ஒரு கேள்வி வருகிறது இல்லையா? பக்கத்தில் நின்ற பெண்ணிடம் இதை நாசூக்காகக் கேட்டேன். அவர் நர்ஸ், மான்செஸ்டர் பக்கம் ஊர், கத்தோலிக்கக் குடும்பம். லண்டனுக்கு வந்து முதல் வருடத்தில் வேலை இடத்தைத் தவிர யாரோடும் பேசாத வாரங்கள் உண்டு என்றார். இங்கே வந்த பிறகு ஒரு நடைக் குழு, ஒரு போர்ட் கேம் குழு, போன மாதம் வீடு மாற்றும்போது பெட்டி தூக்க நான்கு பேர். "பாட்டு எனக்கும் பிடிக்காது. பாட்டு முடியும் நேரம் பார்த்துத்தான் வருவேன்" என்றார்.

ஈஸ்ட் ஹாம் அக்காவின் பதில்தான். சனத்தைப் பார்க்க வேண்டும்.

மாலை ஆறரைக்கு அதே மன்றத்தில் கச்சேரி. இதற்காகத்தான் நான் வந்தது என்றே சொல்லலாம். 1887-இலிருந்து இந்தச் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் அறை இசைக் கச்சேரி நடத்துகிறது, முதலில் ஃபின்ஸ்பரியில் இருந்த பழைய கட்டடத்தில், பிறகு இங்கே. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 1780-இல் போட்ட ஒரு சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் கேளிக்கையோ விவாதமோ நடத்தக் கூடாது. அதனால் அனுமதி இலவசம், உள்ளே உண்டியல். வாரத்தில் ஆறு நாள் உழைத்த குமாஸ்தாவுக்கும் தையல்காரருக்கும் மிச்சமிருந்த ஒரே நாளில் சர்ச், அல்லது சாராயக்கடை, அல்லது வீட்டுச் சுவர். நான்காவதாக ஒன்றைச் சேர்த்தவர்கள் இவர்கள். ஆல்ஃபிரட் கிளெமென்ட்ஸ் என்று ஒருவர் ஐம்பது வருடம் போல இந்தக் கச்சேரிகளைக் கட்டி இழுத்திருக்கிறார். 1927-இல் ஆயிரமாவது கச்சேரி.

இன்று நான்கு பேர், இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. மேடைக்கு மேல் வளைவில் 'உனக்கு நீயே உண்மையாக இரு' என்று பொறித்திருக்கிறது. மரப்பலகைச் சுவர், நாற்காலிகள் கொஞ்சம் உறுத்தும். செல்லோக்காரர் வாசிக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் மூக்கால் மூச்சை இழுப்பது நான்காவது வரிசையில் எனக்குக் கேட்டது, மற்ற மூவரும் அந்த மூச்சுக்குத்தான் சேர்ந்து புறப்படுகிறார்கள். கூட்டம் ஏறத்தாழ எல்லாம் தலை நரைத்தவர்கள். இடைவேளையில் யாரும் மதத்தைப் பற்றிப் பேசவில்லை, இரண்டாம் வயலினைப் பற்றித்தான் பேசினார்கள். பாதிப் பேருக்கு இது யாருடைய மன்றம் என்றுகூடத் தெரிந்திருக்காது.

திங்கள், புரூக்வுட்

வாட்டர்லூவிலிருந்து ரயில். பிராட்லாவின் கல்லறையைப் பார்க்க. மனிதர் 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்தார். கடவுள் பெயரால் உறுதிமொழி எடுக்கிற விவகாரத்தில் 1886 வரை நாடாளுமன்றத்தில் நிலையாக உட்கார விடவில்லை. உட்கார்ந்த இரண்டாம் வருடமே, கடவுள் பெயர் சொல்லாமலும் உறுதி கூறலாம் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார். 1889-இல் பம்பாய் காங்கிரசுக்கு வந்தார். ஓய்வு கிடைத்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுவார். ஊரையே இரண்டாக்கியவர் ஆற்றோரம் மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

1891-இல் அவரை இங்கே அடக்கம் செய்தபோது பேச்சு இல்லை, சடங்கு இல்லை. கூட்டத்தில் 21 வயது மோகன்தாஸ் காந்தியும் இருந்தார். திரும்பும்போது ரயில்வே நடைமேடையில் ஒரு நாத்திகர் ஒரு பாதிரியாரை மடக்கி, பூமியின் சுற்றளவு இத்தனை மைல், உங்கள் கடவுளின் அளவு என்ன, எங்கே இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார். நம் இருவர் நெஞ்சிலும் இருக்கிறார் என்று பாதிரியார் சொல்ல, என்னைச் சின்னப்பிள்ளை ஆக்காதீர் என்று இவர் ஜெயித்த பார்வை பார்த்தாராம். இதைக் கண்டு நாத்திகத்தின் மேல் தனக்கு இருந்த வெறுப்பு கூடியது என்று காந்தி தன் சுயசரிதையில் எழுதுகிறார். இப்படி மடக்குகிறவர்களை நமக்கும் தெரியும், டீக்கடைக்கு ஒருவர் உண்டு. பிராட்லா இறந்தது ஜனவரி 30. நாத்திகன் இதில் எதையும் பார்க்கக் கூடாது, மேலே போவோம்.

அந்தக் காலத்தில் புரூக்வுட் இடுகாட்டுக்கென்றே வாட்டர்லூவிலிருந்து தனி ரயில் ஓடியது. ஆங்கிலிக்கன் பிணங்களுக்கு ஒரு ஸ்டேஷன், மற்றவர்களுக்கு வேறு ஸ்டேஷன். டிக்கெட் விலை குறைவு என்பதால் பக்கத்து மைதானத்துக்குப் போகிற கோல்ஃப் ஆட்டக்காரர்கள் துக்கத்துக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு ஏறுவார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள்.

புதன், பிரிட்டிஷ் மியூசியம்

மழை. மியூசியத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். இதை ஞாயிற்றுக்கிழமையிலும் திறக்க ஆரம்பித்தது 1896-இல். 1855-இல் ஒரு சங்கம் கட்டி, உழைப்பவன் வேறு எந்த நாளில் வருவான் என்று கேட்டு, நாற்பது வருடம் மல்லுக்கட்டிய பிறகு. ஞாயிறு சினிமாவுக்கு அனுமதி தந்து 1932-இல் சட்டம். பெரிய கடைகளுக்கு 1994-இல், அதுவும் ஆறு மணி நேரம் மட்டும்.

அந்த 1932-இல் பெரியாரும் இங்கிலாந்துக்கு வந்திருந்தார். அதே ஐரோப்பியப் பயணத்தில் பெர்லினில் நிர்வாணச் சங்கத்துக்கும் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். சாமி இல்லாதவர்கள் பொழுதை எப்படிப் போக்குகிறார்கள் என்று பார்க்க வந்த முதல் தமிழன் நான் இல்லை. அவர் அளவுக்கு இறங்கிப் பார்க்கும் துணிவும் எனக்கு இல்லை.

ஞாயிறு, லெஸ்டர்

செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மத்தியானச் சாப்பாடு பெல்கிரேவ் சாலையில் ஒரு குஜராத்திக் கடையில். தீபாவளிக்கு இந்தச் சாலை முழுக்க விளக்குப் போடுவார்கள், இந்தியாவுக்கு வெளியே நடக்கிற பெரிய தீபாவளிகளில் ஒன்று. தீபாவளி இல்லாத வீட்டுப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்து அதே தெருவில் டோக்ளா சாப்பிடுகிறேன். இந்த ஊரில் கிறிஸ்தவர், முஸ்லிம், மதம் இல்லாதவர் மூன்று பேரும் ஆளுக்குக் கால் பங்குக்கு அக்கம்பக்கம், இந்துக்கள் சுமார் 18 சதவீதம்.

ஹம்பர்ஸ்டோன் கேட் என்ற கடைத்தெருவில் இருக்கிறது செக்யுலர் ஹால். 1851-இல் தொடங்கிய சங்கத்துக்கு 1881-இல் கட்டிய மன்றம். பணம் போட்டவர்களில் முக்கியமானவர் எந்திரத் தொழிற்சாலை முதலாளி ஜோசையா கிம்சன். முகப்பில் சுட்டமண்ணில் ஐந்து தலைகள். சாக்ரடீஸ், வால்டேர், டாமஸ் பெயின், ராபர்ட் ஓவன், அவர்களோடு இயேசு. இயேசுவை வைத்ததற்கு அன்றைக்கு ஊரே கொந்தளித்தது, அவரை வைக்க இவர்கள் யார் என்று. எதிர்ச்சாரியில் நின்று நிமிர்ந்து பார்த்தால், ஐந்து பேரில் சாந்தமாக இருப்பவர் அவர்தான்.

உள்ளே அந்தக் காலத்தில் நூலகம், படிப்பறை, நடனம், தேநீர் விருந்து, பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எல்லாம் நடந்திருக்கிறது. பாடுவதற்குப் பாட்டுப் புத்தகமும் இருந்தது. இங்கிலாந்து மதச்சார்பற்றவர்களுக்கென்று 1876-இல் அப்படி ஒன்றைத் தொகுத்தவர் யார் தெரியுமா? பிராட்லாவின் கூட்டாளியாக இருந்த அன்னி பெசன்ட். பிறகு பிளாவட்ஸ்கி பக்கம் சாய்ந்து, அடையாறுக்கு வந்து, அங்கேயே இறந்து, பெசன்ட் நகருக்குப் பெயரும் கொடுத்துவிட்டார். 1884-இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் இந்த மன்றத்தில் கலையையும் சோஷலிசத்தையும் பற்றிப் பேசினார். கேட்க வந்த கிம்சனின் மகன் எர்னஸ்ட்டுக்கு அப்போது 19 வயது. அந்தப் பழக்கத்தில் லண்டனுக்குப் போய், இந்த நாட்டின் பேர்பெற்ற மரச்சாமான் வடிவமைப்பாளர்களில் ஒருவர் ஆனார். ஒரு ஞாயிறு மாலைப் பேச்சு.

மாலை ஆறரைக்கு இன்றும் பேச்சு உண்டு. பழைய கால்வாய்களைப் பற்றி. வந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. கேள்வி நேரத்தில் ஒருவர் கால்வாயை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வழிபாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் ஊர்ப் படிப்பகக் கூட்டமேதான், நாற்காலி மட்டும் நல்ல நாற்காலி. வெளியே கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை இளைஞர் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது, கையில் ஷாப்பிங் பை, காதில் பாட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக் கொடுத்தவர்களில் இந்த மன்றமும் உண்டு. வாங்கியதை அனுபவிக்கிறவனுக்கு மன்றம் தேவைப்படவில்லை. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது, அந்த இருபது பேரைப் பார்த்தால் இன்னொரு பக்கம் தோன்றுகிறது.

டீ ஊற்றிக் கொடுத்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். தாத்தா காலத்திலிருந்து இந்தச் சங்கத்துக் குடும்பம். சாமி இல்லாமல் மூன்றாம் தலைமுறை, எங்கள் வீட்டைவிட ஒன்று கூட. ஒவ்வொரு வாரமும் வருவீர்களா என்றேன். நகராட்சி வாடகைக்குக் கொடுக்கிற தோட்டத் துண்டு ஒன்று வைத்திருக்கிறாராம், அவரையும் உருளைக்கிழங்கும். பொழுது நீண்டுவிட்டால் மாலையில் அங்கேதான். மழை பெய்தால் மன்றம்.

அடுத்த வாரம் தேனீக்களைப் பற்றிப் பேச்சு, கட்டாயம் கேட்க வேண்டியது என்றார். வானிலை அறிக்கையைப் பார்த்தேன். வெயிலாம்.